நெஞ்சுவலியும் மூச்சிரைப்பும்: ஊர் திரும்பும் வரை காத்திருக்கலாமா?

தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நம்மவர் இல்லங்களில் அடிக்கடி காதில் விழும் சொல் ஒன்று உண்டு. ‘கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறோமே, அங்கே நம் டாக்டரிடம் காட்டிக்கொள்ளலாம்’ என்பதே அது. மூக்குக்கண்ணாடி மாற்றுவதற்கு இச்சொல் பொருந்தலாம். ஆனால், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, விரைந்து நடந்தால் நெஞ்சை அழுத்துகிறது, மூன்று வாரமாக இருமல் நிற்கவில்லை என்னும் நிலையிலும் இதே சொல்லைச் சொல்லிக் காலம் கடத்துவோர் நம்மிடையே பலர். இந்தத் தாமதம் எத்தகைய தீங்கை விளைவிக்கும் என்பதையும், இதயத்திற்கும் நுரையீரலுக்கும் வரும் பொதுவான நோய்களை நாம் வாழும் ஊரிலேயே எவ்வாறு அறிந்து பேணலாம் என்பதையும் இங்கே சிறிது ஆராய்வோம்.

நம்முடன் டில்லியில் பணியாற்றிய மூத்த நண்பர் ஒருவரின் அனுபவத்தை முதலில் கூறுதல் தகும். அவருக்கு அப்போது வயது ஐம்பத்தாறு. மூன்றாம் மாடியில் குடியிருந்தார். இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை உண்டு வந்தார். ஓராண்டு தீபாவளிக்குப் பிறகு, கறிகாய்ப் பையுடன் மாடி ஏறும்போது இரண்டாம் மாடியிலேயே நின்று மூச்சு வாங்கிக்கொள்ளத் தொடங்கினார். ‘குளிர்காலம்; வயதும் ஆகிறது’ என்று தமக்குத்தாமே விடை கூறிக்கொண்டார். பொங்கலுக்குப் பின் முதல் மாடியிலேயே நின்றார். இல்லத்தார் வற்புறுத்தியபோது, ‘ஜூன் மாதம் ஊருக்குப் போகிறோம்; அங்கே பார்த்துக்கொள்கிறேன்’ என்றார். மகளின் திருமணம் கூடியதற்காகத் திருமலைக்கு நடந்து ஏறுவதாக ஒரு வேண்டுதலும் அவருக்கு இருந்தது.

வடக்கேயிருந்து வருவோர் பலர் ஊருக்குச் செல்லும் வழியில் திருப்பதியில் இறங்கிப் பெருமாளைச் சேவித்துவிட்டுச் செல்வது வழக்கம். நண்பரும் அவ்வாறே இறங்கினார். ரயிலில் ஒன்றரை நாள். சரியான உறக்கம் இல்லை. நீராடியவுடன், விரதம் என்று மாத்திரையையும் விலக்கி, வெறும் வயிற்றுடன் அலிபிரியில் படியேறத் தொடங்கினார். சில நூறு படிகளுக்குள் நெஞ்சைக் கயிற்றால் இறுக்குவதுபோல் இருந்தது, உடம்பெல்லாம் வியர்த்தது. படியில் அமர்ந்து, ‘வாயுத் தொந்தரவு’ என்று சோடா வாங்கிக் குடித்தார். அருகிலிருந்தோர் கவலையுற்று உதவியாளரை அழைத்து வருவதற்குள் ஒரு மணி நேரத்திற்கும் மேல் கடந்துவிட்டது. அவர் உயிர் பிழைத்தார். ஆயினும் இதயத் தசையில் ஒரு பகுதி மீட்க இயலாதவாறு அழிந்துபோயிற்று. பிறகு அவரால் ஒரே மூச்சில் நூறு அடி நடப்பதும் அரிதாயிற்று. தீபாவளியன்றே அந்த இதயம் தன் குறையைச் சொல்லிவிட்டது, கேட்பார்தாம் இல்லை.

இதில் மலையின் குற்றம் ஏதுமில்லை. அலிபிரியிலிருந்து செல்லும் பாதை ஏறத்தாழ 9 கிலோமீட்டர். அதில் 3,550 படிகள் உள்ளன. சந்திரகிரிப் பக்கத்திலிருந்து ஏறும் ஸ்ரீவாரி மெட்டு என்னும் பாதை 2 கிலோமீட்டரைச் சற்றே தாண்டுவது. ஆயினும் அதில் 2,388 படிகள் இருத்தலின் அது செங்குத்தானது. திருமலை கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் உள்ளது. அவ்வுயரத்தில் காற்று சிறிது மெலிந்திருக்கும் என்பது உண்மையே. ஆனால் நலமுள்ளவருக்கு அது தோன்றாது. உண்மையான சுமை, உடம்பின் எடையை ஆயிரக்கணக்கான படிகளுக்கு உயர்த்திச் செல்வதேயாகும். அறுபது வயது கடந்தோரும், இதயநோய், இரத்த அழுத்தம், நீரிழிவு, ஆஸ்துமா ஆகியவை உடையோரும் நடந்து ஏறுதல் நன்றன்று என்று திருமலை திருப்பதி தேவஸ்தானமே அன்பர்களுக்கு அறிவுறுத்தியுள்ளது. பாதையில் மருத்துவ உதவி இடங்களும், மலைமேல் அசுவினி மருத்துவமனையும் உள்ளன. மலைக்குப் பேருந்தும் செல்கிறது. நடக்க இயலாதவர் பேருந்தில் சென்று சேவிப்பதால் பக்திக்குக் குறை ஒன்றும் நேராது.

இனி, படி ஏறும்போது உடம்பினுள் நிகழ்வது யாது என்று பார்ப்போம். நுரையீரலில் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகள் உள்ளன. உள்ளிழுத்த காற்றிலிருந்து பிராணவாயு அங்கேதான் குருதியில் கலக்கிறது. அக்குருதியை இதயம் வாங்கி உடம்பெங்கும் செலுத்துகிறது. ஓய்வாக இருக்கும்போது இதயம் நிமிடத்திற்கு எழுபது முறை அளவில் துடித்து, ஏறத்தாழ 5 லிட்டர் குருதியைச் செலுத்தும். கடுமையாக உழைக்கும்போது இவ்வளவு மூன்று நான்கு மடங்காக உயர வேண்டும். ஆகவே, காற்றை வாங்கும் துருத்தியும் குருதியைச் செலுத்தும் இறைப்பானும் ஒன்றையொன்று நம்பியே வாழ்கின்றன. எது பழுதுபட்டாலும் வெளியே தோன்றும் முதல் அறிகுறி பெரும்பாலும் ஒன்றே. அது மூச்சு இரைப்பு. ஓய்வில் மறைந்திருக்கும் குறை உழைப்பில் வெளிப்படுவதால்தான் மாடிப்படி நமக்கு ஒரு சோதனைக் கருவியாக அமைகிறது.

இரைப்பைத் தரும் நோய்களுள் முதலில் இதயத்தைச் சார்ந்தவற்றைக் கூறுவோம். இதயத் தசைக்கே குருதி தரும் குழாய்களில் கொழுப்புப் படிந்து வழி குறுகுவது ஒன்று. வழி குறுகியவருக்கு நடக்கும்போதோ, படியேறும்போதோ, உண்ட பின் விரையும்போதோ நெஞ்சின் நடுவே அழுத்தம் தோன்றும்; நின்றால் சில நிமிடங்களில் தணியும். இது எச்சரிக்கை. குறுகிய வழியில் குருதி உறைந்து முற்றும் அடைபடுவதே மாரடைப்பு. அப்போது அழுத்தம் ஓய்விலும் தணியாது. இடத்தோள், கை, கழுத்து, தாடை, முதுகு ஆகியவற்றிற்குப் பரவும். குளிர்ந்த வியர்வை பெருகும். பெண்களுக்கும் முதியோருக்கும் நீரிழிவு உடையோருக்கும் வலி தெளிவாக இல்லாமல், திடீர் இரைப்பு, மிகுந்த சோர்வு, மேல்வயிற்றில் ஒரு சங்கடம் என்ற அளவிலேயே இது வருதலும் உண்டு. வாயு என்று எண்ணிச் சோடா குடித்து நேரம் போக்குவது இங்கேதான் உயிருக்கே உலை வைக்கிறது. அடைப்பை மருந்தால் கரைப்பதோ, கருவியால் திறப்பதோ, எவ்வளவு முன்னதாக நிகழ்கிறதோ அவ்வளவு தசை பிழைக்கும்.

இரண்டாவது, இதயத் தளர்ச்சி. பழைய மாரடைப்பாலோ, நெடுநாள் கட்டுக்கடங்காத இரத்த அழுத்தத்தாலோ, வால்வின் பழுதாலோ இதயத்தின் இறைக்கும் ஆற்றல் குறையும்போது, குருதி பின்னே தேங்கி நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். இவர்களுக்குப் படுத்தால் மூச்சு முட்டும். எழுந்து உட்கார்ந்தால் தணியும். ஒரு தலையணையில் உறங்கியவர் இரண்டு, மூன்று என்று உயர்த்திக்கொண்டே போவார். மாலையில் கணுக்கால் வீங்கும். ஓரிரு நாளிலேயே உடல் எடை இரண்டு கிலோ ஏறினால், அது கொழுப்பன்று, தேங்கிய நீர் என்று உணர்ந்து மருத்துவரிடம் விரைய வேண்டும்.

குழந்தைகளின் இதயத்தையும் மறத்தல் ஆகாது. பால் குடிக்கும்போது வியர்த்து, மூச்சு வாங்கி, விட்டுவிட்டுக் குடித்து, எடை ஏறாமல் இருக்கும் சிசுவைப் பிறவி இதயக்குறை உண்டா என்று சோதித்தல் வேண்டும். இத்தகைய குழந்தைகளுக்கென்றே தேவஸ்தானம் 2021-ஆம் ஆண்டு அக்டோபரில் திருப்பதியில் ஸ்ரீ பத்மாவதி குழந்தைகள் இதய மருத்துவமனையைத் தொடங்கியது. பெரியவர்களுக்கு அவ்வூரில் தேவஸ்தானம் தோற்றுவித்த ஸ்விம்ஸ் எனப்படும் ஸ்ரீ வேங்கடேசுவர மருத்துவ விஞ்ஞான நிலையம் 1993 முதல் பணியாற்றி வருகிறது. பள்ளி வயதுச் சிறாருக்குத் தொண்டைப்புண் வந்து, சில வாரங்கள் கழித்து மூட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வீங்கினால், அது வாதக் காய்ச்சலாக இருக்கலாம். மூட்டு வீக்கம் தானே மறையும். இதய வால்வில் ஏற்பட்ட வடு மறையாது. மூன்று வாரத்திற்கு ஒருமுறை பென்சிலின் ஊசியைப் பல ஆண்டுகள் தவறாது போட்டுக்கொண்டால் அவ்வடு பெருகாமல் காக்கலாம்.

அடுத்து நுரையீரல் நோய்கள். ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய்கள் அவ்வப்போது சுருங்கி வீங்குகின்றன, மூச்சு விடும்போது சீழ்க்கை போன்ற ஒலி கேட்கும், பின்னிரவில் மிகும், இடையிடையே முற்றிலும் நலமாகவும் இருக்கும். மற்றொன்று நாட்பட்ட மூச்சுத்தடை நோய். பீடி, சிகரெட் புகையாலும், விறகடுப்பின் புகையில் பல்லாண்டு சமைத்ததாலும் குழாய்களும் காற்றறைகளும் நிலையாகச் சேதமுறுவதே இது. ஆஸ்துமாவைப் போல் வந்து நீங்காமல், ஆண்டுக்காண்டு மெல்ல வளரும். புகையை நிறுத்துவதே இதன் தலையாய மருந்து. டில்லி முதலிய வடநகரங்களில் வாழ்வோர் ஐப்பசி, கார்த்திகையில் கவியும் நச்சுப்புகையை நினைவிற்கொண்டு, அதற்கு முன்பே மருத்துவரைக் கண்டு மருந்தைச் சீர்செய்துகொள்ளல் நலம்.

இன்ஹேலரைப் பற்றி நம்மவரிடையே நிலவும் ஓர் அச்சத்தை இங்கே நீக்கவேண்டும். ‘அதைத் தொட்டால் விட முடியாது, கடைசிக் கட்டத்தில்தான் தொடவேண்டும்’ என்பர். உண்மை இதற்கு நேர்மாறானது. மாத்திரையாக உண்டால் உடம்பெங்கும் பரவ வேண்டிய மருந்து, இன்ஹேலரில் மிகச் சிறிய அளவிலேயே மூச்சுக்குழாய்க்கு நேரே செல்கிறது. நாள்தோறும் இழுக்கவேண்டிய காப்பு மருந்து ஒன்று. திணறும்போது மட்டும் இழுக்கும் உடனடி மருந்து ஒன்று என இருவகை இருத்தல் உண்டு. இவ்வேறுபாட்டை மருத்துவரிடம் கேட்டுத் தெளிதல் வேண்டும். நலமாக இருக்கிறது என்று காப்பு மருந்தை நிறுத்துவோரே பெரும்பாலும் நள்ளிரவில் மருத்துவமனைக்கு ஓடுகின்றனர்.

இறுதியாகக் காசநோய். இரண்டு வாரத்திற்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு, சளியில் குருதி ஆகியவை இதன் அறிகுறிகள். ‘ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்வோம்’ என்னும் சொல்லுக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது என்றால், அது இந்நோயைப் பொறுத்தே இருந்தது. அந்த வரலாற்றை அறிவதற்கு நாம் மீண்டும் சித்தூர்ச் சீமைக்கே செல்ல வேண்டும்.

தாகூர் தம் ‘ஜன கண மன’ பாடலை 1919-இல் ஆங்கிலத்தில் பெயர்த்த ஊர் மதனப்பள்ளி. அன்று அது சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 700 மீட்டர் உயரமும் வறண்ட காற்றும் உடைய அவ்வூரின் அருகே, பல கிறிஸ்தவச் சபைகள் ஒன்றுகூடி 1915-ஆம் ஆண்டில் ஒரு காசநோய்ச் சானடோரியத்தை நிறுவின. அவ்விடம் ஆரோக்கியவரம் எனப் பெயர் பெற்றது. டென்மார்க் நாட்டு மருத்துவர் கிறிஸ்தியன் ஃப்ரிமோட் மோலர் அதன் முதல் தலைவராக இருந்து வளர்த்தார். காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் 1882-லேயே கண்டறிந்திருந்தும், அதைக் கொல்லும் மருந்து அன்று உலகில் எங்கும் இல்லை. நல்ல காற்று, நீண்ட ஓய்வு, சத்துள்ள உணவு என்னும் மூன்றுமே சிகிச்சை. ஆகவே நோயாளர் வேலையை விட்டு, மனைவி மக்களைப் பிரிந்து, மாதக்கணக்கில், சிலபோது ஆண்டுக்கணக்கில் அங்கே சென்று கிடக்க வேண்டியிருந்தது. இந்தியாவில் பி.சி.ஜி. என்னும் தடுப்பூசி இயக்கம் 1948-இல் தொடங்கியபோதும் முதலில் இடம்பெற்ற ஊர்களுள் மதனப்பள்ளி ஒன்று.

பிறகு மருந்துகள் வந்தன. 1943-இல் ஸ்டிரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது; 1952-இல் ஐசோனியாசிட் பயனுக்கு வந்தது. அப்போது ஒரு பெரிய வினா எழுந்தது. மருந்து இருக்குமானால், நோயாளர் சானடோரியத்திற்குச் செல்லத்தான் வேண்டுமா? நாட்டிலிருந்த நோயாளரின் தொகைக்குப் படுக்கைகளோ மிகச் சில. இவ்வினாவிற்கு விடை காண, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து 1956-இல் சென்னையில் ஒரு காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையத்தை அமைத்தன. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அதன் ஆராய்ச்சியை நடத்தினார். சென்னையின் ஏழை நோயாளரை இரு கூறாகப் பகுத்து, ஒரு கூறினரைச் சானடோரியத்தில் வைத்தும், மற்றொரு கூறினரை நெருக்கமான தத்தம் குடிசைகளிலேயே இருக்கச் செய்தும், இருவருக்கும் ஒரே மருந்துகளை ஓராண்டு அளித்தனர்.

முடிவு 1959-இல் வெளியாயிற்று. சானடோரியத்தில் இருந்தோருக்கு உணவும் ஓய்வும் காற்றோட்டமும் மேலாக இருந்தன. எனினும், வீட்டில் இருந்தோரும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்தனர். வீட்டில் இருந்ததால் உடன் வாழ்ந்த மனைவி மக்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றியதாகவும் காணப்படவில்லை. நோயைத் தீர்ப்பது இடம் அன்று. தவறாமல் உண்ணும் மருந்தே என்பது விளங்கிற்று. உலக நாடுகள் பலவும் காசநோய்ச் சிகிச்சையை வீட்டுக்குக் கொண்டுசென்றதற்குச் சென்னை ஆராய்ச்சியே பெருந்துணையாயிற்று.

நாம் இவ்வரலாற்றை இத்துணை விரிவாகக் கூறியதற்குக் காரணம் உண்டு. காசநோய்க்குக் கண்ட அவ்வுண்மை, மேலே சொன்ன நாட்பட்ட நோய்கள் அனைத்திற்கும் பொருந்தும். இரத்த அழுத்தம், இதயத் தளர்ச்சி, ஆஸ்துமா எதுவாயினும், பெரிய மருத்துவமனைக்கு ஆண்டுக்கொரு முறை செல்லும் பயணத்தால் அது அடங்குவதில்லை. நாள்தோறும் வீட்டில் உண்ணும் மருந்தாலேயே அடங்குகிறது. வேலூரும் சென்னையும் திருப்பதியும் பெருமை வாய்ந்தவைதாம். சிக்கலான அறுவைக்கு அங்கே செல்லலாம். ஆனால் அழுத்தத்தை அளப்பதற்கும், சளியைச் சோதிப்பதற்கும், ஈ.சி.ஜி. எடுப்பதற்கும் நாம் வாழும் ஊரே போதும். காசநோய்க்கான சோதனையும் மருந்தும் நாடெங்கும் அரசாங்க நிலையங்களில் இலவசம். சாதாரணக் காசநோய்க்கு இன்று ஆறு மாதச் சிகிச்சை போதும். நோயாளரின் உணவுக்காக மாதம் 500 ரூபாயாக இருந்த உதவித்தொகையை மத்திய அரசாங்கம் 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்த்தியுள்ளது. இடையே வேறு மாநிலத்திற்குப் போக நேர்ந்தால், சிகிச்சையை அவ்வூர் நிலையத்திற்கு மாற்றிக்கொள்ள ‘நிக்ஷய்’ என்னும் பதிவேட்டில் வழி உண்டு. ஊருக்குப் புறப்படுமுன் கேட்டுப் பதிந்துகொள்ளுதல் நோயாளர் கடமை. இரண்டு மாதத்தில் இருமல் நின்றதும் மருந்தை நிறுத்தினால், எஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதனவாய் வளர்ந்து, பின்னர் வரும் சிகிச்சையை நெடியதாகவும் கடினமாகவும் ஆக்கிவிடும்.

‘இவ்வூர் மருத்துவரிடம் நம் மொழியில் சொல்ல முடியவில்லையே, ஊர் டாக்டரிடம்தான் மனம்விட்டுச் சொல்ல முடியும்’ என்று சிலர் கூறுவர். இது மெய்யான தடையே. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் இதை நன்கு அறிவோம். சித்தூரில் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் வாழ்கின்றன. அங்கும் சொற்கள் ஏமாற்றும். தமிழர் ‘ஆயாசமாக இருக்கிறது’ என்றால் களைப்பு. தெலுங்கர்க்கு ‘ஆயாசம்’ என்றால் மூச்சு இரைப்பு. தமிழில் ‘உப்பசம்’ வயிறு ஊதுவது. தெலுங்கில் ஏறக்குறைய அதே ஒலியுடைய ‘உப்பஸம்’ ஆஸ்துமா. களைப்பு என்று சொன்னவரை இரைப்புக்காரர் என்றும், வயிற்றைச் சொன்னவரை ஆஸ்துமாக்காரர் என்றும் மருத்துவர் கருதிவிடலாம். இந்தியில் இரைப்பதை ‘ஸான்ஸ் பூல்னா’ என்பர். ‘மூச்சு வீங்குவது’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் நமக்கு ஒன்றும் விளங்காது.

இத்தடையைக் கடக்க எளிய வழி ஒன்று உண்டு. நோயை எண்ணால் சொல்லுங்கள். எண் எம்மொழியிலும் ஒன்றே. ஆறு மாதத்திற்கு முன் எத்தனை படி ஏறினோம், இன்று எத்தனையில் நிற்கிறோம்? எத்தனை தலையணை வைத்து உறங்குகிறோம்? இருமல் எத்தனை நாளாக இருக்கிறது? வலி எத்தனை நிமிடம் நின்றது? உடல் எடை எத்தனை கிலோ ஏறியது அல்லது குறைந்தது? இவ்வைந்து எண்களையும் ஒரு தாளில் எழுதி, வலி தோன்றும் இடத்தைக் கையால் தொட்டுக் காட்டினால், மருத்துவர் அறியவேண்டுவதில் பெரும்பகுதியை அறிந்துகொள்வார். நம் நண்பர் தீபாவளிக்கு இரண்டாம் மாடி, பொங்கலுக்கு முதல் மாடி என்னும் இரு எண்களை மட்டும் ஒரு மருத்துவரிடம் கூறியிருந்தால், அவருடைய வரலாறு வேறாகியிருக்கக்கூடும்.

நாள்தோறும் கைக்கொள்ள வேண்டுவனவற்றையும் சுருங்கக் கூறுவோம். முப்பது வயது கடந்தோர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இரத்த அழுத்தத்தை அளந்துகொள்ள வேண்டும். ஒரு நாள் மட்டுமின்றி மீண்டும் அளந்தபோதும் 140-க்கு 90 என்ற அளவிலோ அதற்கு மேலோ இருந்தால் மருத்துவம் தேவை. அழுத்தம் உயர்ந்திருப்பது பெரும்பாலும் வெளியே தெரியாது. தலைவலி இல்லை என்பதால் நோய் இல்லை என்று கொள்ளற்க. உப்பு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருத்தல் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஊரிலிருந்து அன்புடன் வரும் ஊறுகாயும் அப்பளமும் வற்றலும் இக்கணக்கில் சேர்ந்தவையே. மாத்திரையின் வணிகப் பெயர் ஊருக்கு ஊர் மாறுபடும்; ஆதலின் மருந்தின் மூலப் பெயரையும் அளவையும் எழுதி வைத்துக்கொள்ளுதல் இன்றியமையாதது. பழைய ஈ.சி.ஜி. தாளை எறிந்துவிட வேண்டா. புதியதை அதனோடு ஒப்பிடும்போதுதான் மாறுதல் புலப்படும். பயணத்திற்குத் தேவையான நாட்களைவிட ஒரு வாரத்திற்கு மிகுதியாக மருந்தைக் கைப்பையில் வைத்துக்கொள்க. பெட்டியில் வைத்தல் ஆகாது. விரத நாளில் மாத்திரையை எப்படி உண்பது என்பதை முன்னரே மருத்துவரிடம் கேட்க வேண்டும். தாமே நிறுத்துதல் கூடாது.

இத்தனை பேணியும் நெருக்கடி நேரலாம். நெஞ்சழுத்தம் ஓய்விலும் சில நிமிடங்களில் தணியாவிடில், நோயாளரை நடக்கவிடாமல் சாய்ந்து உட்காரச் செய்து, பல மாநிலங்களில் உள்ள 108 என்னும் எண்ணையோ, நாடெங்கும் உள்ள 112 என்னும் எண்ணையோ உடனே அழைக்க வேண்டும். நாவின் அடியில் வைக்கும் மாத்திரையை மருத்துவர் முன்பே கொடுத்திருந்தால் அதை வைக்கலாம். நினைவிழந்து மூச்சும் நின்றுவிட்டால், மார்பின் நடுவே இரு கைகளையும் சேர்த்து வைத்து, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுந்த அமுக்கிக்கொண்டே இருத்தல் வேண்டும். உதவி வந்து சேரும் வரை அதை நிறுத்தலாகாது.

நம் நண்பர் பிற்பாடு ஒருமுறை திருமலைக்குச் சென்றார். இம்முறை பேருந்தில் சென்றார். காலை மாத்திரையை உண்டுவிட்டே சென்றார். புறப்படுமுன் தம் வீட்டுக்கு அருகிலுள்ள மருத்துவரிடம் காட்டி, அனுமதியும் பெற்றிருந்தார். ‘படி ஏறாத குறை உமக்குத் தோன்றவில்லையா?’ என்று நாம் வினவினோம். ‘மலை ஏறும் முன் என் வீட்டு மாடியைக் கவனித்திருக்க வேண்டும். அந்தக் குறைதான் தோன்றிற்று’ என்றார்.

வெளிமாநிலங்களில் வாழும் அன்பர்கள் இன்று மாலை வீடு திரும்பும்போது தங்கள் மாடிப்படியைச் சற்று எண்ணிப் பார்ப்பார்களாக. சென்ற ஆண்டு எளிதாக ஏறிய படியில் இவ்வாண்டு நிற்க நேர்ந்தால், ஊர்ப் பயணத்திற்கு நாள் குறிக்கும் முன், அருகிலுள்ள மருத்துவரைக் காண நாள் குறிப்பார்களாக.